வலக்கண் ஓரத்துக் கோடுகள்

எனக்கு வலக்கண் ஓரத்தில்தான் சுருக்கம் அதிகம். இருபது வருசமாகத் திருகோணமலை டவுனில் இருந்து நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன். காலையில் வடக்கே போகும்போது கடல்பக்கத்து வெயில் வலக்கன்னத்தில் அடிக்கும். பள்ளி விட்டுத் திரும்பினால் மேற்கு வெயிலும் அதே கன்னத்தில்தான். ஹெல்மெட் கண்ணாடி கீறிப்போனதால் அதை மேலே தூக்கிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டே ஓடிப் பழகிவிட்டேன். 47 வயதில், சிரிக்காமல் இருக்கும்போதும் அந்தப் பக்கம் இரண்டு கோடுகள் தெரிந்தன. "டீச்சர், ராத்திரி நித்திரை கொள்ளயில்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அது கவலையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதலில் போனது ஊருக்குள்ளேயே ஓர் இடத்துக்கு. பேசியல் செய்கிற இடம், "பொடொக்ஸும் போடுவோம்" என்றார்கள். சுருக்கத்தைக் குறைக்கப் போடும் ஊசி அது. கதிரையில் சாய்ந்த பிறகுதான் பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். கிறீம் டப்பாக்களுக்கு நடுவே, டிஷு விரித்து, அதன்மேல் ஏற்கெனவே மருந்து நிரப்பிய ஒரு சிரிஞ்ச். குப்பி இல்லை, பெட்டி இல்லை.

"தங்கச்சி, இந்த மருந்தின்ட குப்பியைக் காட்ட ஏலுமா?" என்று கேட்டேன்.

"பயப்பிடாதீங்க அக்கா, நல்ல சாமான். நேற்றும் ரெண்டு பேருக்குப் போட்டம்."

"போடுறது டொக்டரா?"

அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் பஞ்சை எடுத்தாள். நான் எழும்பி வந்துவிட்டேன். முற்பணம் திரும்பி வரவில்லை. ஆனால் அன்று எழும்பி வந்ததுதான் இந்த விசயத்தில் நான் செய்த மிகச் சரியான வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏனென்றால் பொடொக்ஸ் கிறீம் இல்லை. பொட்டுலினம் என்ற பக்டீரியா உண்டாக்கும் நச்சை மிகச் சிறிய அளவில் எடுத்துச் செய்த மருந்து. நரம்பு தசைக்கு "சுருங்கு" என்று சொல்லும் சேதியை அது தடுக்கிறது. கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அதன் வெளி ஓரம் இளகினால் தோல் மடியாது. அளவு கூடினாலோ இடம் பிசகினாலோ இமை தொங்கலாம், பார்வை இரண்டாகத் தெரியலாம். குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். தட்டில் கிடந்த சிரிஞ்சுக்குள் என்ன இருந்தது, எத்தனை நாளாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பிறகு கொழும்பில் ஒரு தோல் வைத்திய நிபுணரைத் தேடினேன். பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போன் எடுத்தேன். போனிலேயே என் மருந்துகளைக் கேட்டு, மீனெண்ணெய் மாத்திரையை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஊசி குத்திய இடத்தில் கண்டல் குறையுமாம். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் மச்சாளும் நானும் வெளிக்கிட்டோம்.

டொக்டர் ஊசியைத் தொட முன்னமே அரை மணித்தியாலம் கதைத்தார். கர்ப்பமா, தசைப் பலவீன நோய் ஏதும் உண்டா, கண் வறட்சி இருக்கிறதா என்று கேட்டார். கீழிமையை மெல்ல இழுத்து விட்டு, எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று பார்த்தார். இந்த மருந்து முதலில் அழகுக்காக வந்ததில்லை என்றும் சொன்னார். 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்; கண்ணோரச் சுருக்கத்துக்கு அனுமதி 2013இல்தான். அதைக் கேட்டதும் என் பயம் பாதி இறங்கியது.

"சிரிக்கும்போது வாற கோடு போகும். சிரிக்காமலும் நிக்கிற அந்த ரெண்டும் மெலியும், முழுசாப் போகாது. அதுக்குச் சம்மதம் எண்டா மட்டும் செய்வம்" என்றார். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கு பில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி, போடலாமா என்று மச்சாள் கேட்டாள். அது வேறு பொருள், அந்த இடத்தில் இரத்தக்குழாயை அடைத்தால் பார்வைக்கே ஆபத்து, உங்களுக்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவரில் முழு நம்பிக்கை வந்தது.

பிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை என் கையில் தந்தார். பார்த்தால் வெறுங்குப்பி மாதிரி. சரித்துப் பார்த்தபோது அடியில் மெல்லிய வெள்ளைப் படலம். 100 யூனிட் அதற்குள் அடக்கம். காலாவதித் திகதியை நானே வாசித்தேன், தொகுதி இலக்கத்தை என் அட்டையில் எழுதினார். என் கண்முன்னே உப்புநீர் விட்டுக் கரைத்தார். நன்றாகச் சிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கமும் வெள்ளைப் பென்சிலால் மூன்று புள்ளி. புள்ளிக்கு 4 யூனிட், மொத்தம் 24. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதால், விலை விசாரிக்கிறவர்கள் பிராண்டின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். முள் குத்தினது போல ஆறு குத்து, ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. சம்பளத்தில் பெரிய பங்கு போனது உண்மை.

நாலு மணித்தியாலம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. அன்று பின்னேரமே ஊருக்குத் திரும்பினோம். நான் தூங்கி ஜன்னல் கண்ணாடியில் முகத்தைச் சாய்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் மச்சாள் என் முழங்கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஹபரணை தாண்டிய பிறகுதான் என்னை நிம்மதியாகச் சாய விட்டாள்.

மறுநாள் வலப்பக்கம் பயறளவு நீலக் கண்டல், ஒரு கிழமையில் மறைந்தது. மூன்று நாள் எந்த மாற்றமும் இல்லை. நாலாம் நாள் பல் தீட்டும்போது கண்ணை இறுக்கிப் பார்த்தேன், ஓரம் மடிய மறுத்தது. இரண்டு கிழமையில் இடப்பக்கம் முழுதும் வழவழப்பு. வலப்பக்கத்து இரண்டு கோடுகளும் சொன்னபடியே மெலிந்து நின்றன. சிரிப்பு என் சிரிப்பாகவே இருந்தது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. கோணேசர் கோயில் படியேறும்போது அவரே திரும்பிப் பார்த்து, "இப்ப நல்லாச் சாப்பிடுறாய் போல, முகம் தெளிஞ்சிருக்கு" என்றார்.

நாலாவது மாதம் மடிப்பு மெல்லத் திரும்பியது. அதுவும் முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான். இதற்கிடையில் ஹெல்மெட்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், காலையில் சன்ஸ்கிறீன் பூசாமல் ஸ்கூட்டியை எடுப்பதில்லை. அடுத்த தவணைக்கு ஓகஸ்ட் விடுமுறையில் நாள் எடுத்திருக்கிறேன். மச்சாளுக்கும் சேர்த்தே சீட் புக் பண்ணிவிட்டேன்.