விளக்குக் கம்பமும் வெள்ளைப் பட்டையும்

2024 அக்டோபர் 12, சனி

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில், ராம்பிள் பகுதிக்குள் மூன்று மணிக்கு நுழைந்தேன். நாலரை மணிக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. அங்கே ஒரு பாதையும் நேராகப் போவதில்லை. பாறையைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, வந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. காட்டுக்குள் அலைகிற உணர்வு வரவேண்டும் என்றுதான் 1850களின் கடைசியில் அப்படி அமைத்தார்களாம். செல்பேசி வரைபடத்தில் நான் இருக்கும் புள்ளி மரங்களுக்கு நடுவே தாவிக்கொண்டே இருந்தது.

இலை கூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன். பக்கத்து விளக்குக் கம்பத்தைக் காட்டி, "அதில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்" என்றார். நான்கு இலக்கம், 7725. முதல் இரண்டும் தெருவின் எண்: 77ஆவது தெருவுக்கு நேராக நிற்கிறேன். கடைசி இரண்டும் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்கு. அவ்வளவுதான்! 843 ஏக்கர் பூங்கா முழுக்க இதே கணக்கு. வடக்கே 100ஆவது தெருவைத் தாண்டினால் முன்னால் உள்ள 1 விழுந்துவிடும். 06 என்று தொடங்கினால் அது 106.

அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கம்பங்களை மட்டும் பார்த்து வடகோடி வரை நடந்தேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அக்டோபர் 19, சனி

பேர் மவுண்டன் என்னும் மலை. நகரத்திலிருந்து வடக்கே பேருந்தில் வந்தேன். ஏறுவதற்கு மேஜர் வெல்ச் பாதை. வெள்ளைக்குள் சிவப்பு வட்டம் அதன் அடையாளம். மரத்திலும் பாறையிலும் அதைப் பூசியிருக்கிறார்கள். ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது. மேலே உள்ளது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

இலையுதிர் காலத்தில் இதன் அருமை புரிகிறது. தரை முழுக்கப் பழுப்பு இலை. பாதை எது, காடு எது என்று கால் சொல்லாது. பாதி ஏற்றத்தில் வெகுநேரமாக ஒரு வட்டமும் கண்ணில் படவில்லை. முன்னால் போய்த் தேடாமல், கடைசியாகப் பார்த்த வட்டத்துக்கே திரும்பி வந்தேன். அங்கே இரட்டை அடையாளம் இருந்தது. மூச்சு வாங்க ஏறிய வேகத்தில் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் திரும்புங்கள், துணிந்து முன்னே போகாதீர்கள்.

உச்சியில் அப்பலேச்சியன் பாதை வந்து சேர்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் ஒரே அடையாளம், சாண் நீளம்கூட இல்லாத வெள்ளைப் பட்டை. அந்த நெடும்பாதையில் முதலில் திறந்த பகுதி இந்த மலையில்தான், 1923 அக்டோபரில். வெள்ளைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கருங்கல் படிகளில் இறங்கினேன்.

அடிவாரத்தில் பாதை ஒரு சின்ன விலங்குக் காட்சிசாலைக்குள் புகுந்து போகிறது. கரடிகள் இருக்கும் இடம்தான் மொத்தப் பாதையிலும் தாழ்ந்த இடம், கடல்மட்டத்திலிருந்து 38 மீட்டர். அதைத் தாண்டினால் ஹட்சன் ஆற்றுப் பாலம்; அடுத்த மாதம் அதற்கு நூறு வயது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் பாலத்தின் நடுவரை போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.