எவர்கிளேட்ஸ் ரெசிடென்சி: பாம்புத்தாராவ வரைஞ்ச ஒரு மாசம்

ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் பார்க் ஆர்டிஸ்ட் ரெசிடென்சிக்கு (நேஷனல் பார்க்லயே கொஞ்ச நாள் தங்கி வரையற வாய்ப்பு) எப்படி அப்ளை பண்றது, அங்க போய் என்ன பண்றதுன்னு கேக்கிறீங்க, அதான் எனக்கு நடந்தத அப்படியே எழுதிடலாம்னு உக்காந்தேன். எம்.எஃப்.ஏ (ஃபைன் ஆர்ட்ஸ் முதுகலை) ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஃப்ளோரிடாவுல இருக்கிற எவர்கிளேட்ஸ் நேஷனல் பார்க்ல ஒரு மாசம் தங்கி வரைஞ்சேன். ஆர்டிஸ்ட்ஸ் இன் ரெசிடென்ஸ் இன் எவர்கிளேட்ஸ்னு ஒரு அமைப்பு 2001ல இருந்து இத நடத்துறாங்க.

அதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு பார்க்குக்கு அப்ளை பண்ணி கிடைக்கல. அப்போ ப்ரபோசல்ல "வனவிலங்குகள வரையப் போறேன்"னு மட்டும்தான் எழுதியிருந்தேன், போர்ட்ஃபோலியோல புலி, யானைன்னு எல்லாமே போட்டோ பாத்துப் போட்டது. ரெண்டாவது தடவ ஒரே ஒரு பறவைய எடுத்துக்கிட்டேன், அன்ஹிங்கா. நம்ம ஊர் பாம்புத்தாராவோட நெருங்குன சொந்தம், ரெண்டும் ஒரே பேரினம். தண்ணிக்கு மேல கழுத்து மட்டும் தெரியிறதப் பாத்து நாம பாம்புத்தாரான்னு சொல்றோம், அங்க இருக்கிறவங்களும் அதே காரணத்துக்காக ஸ்னேக் பேர்ட்னு சொல்றாங்க. நான் ஏன் அந்த இடத்துக்கு வரணும்ங்கிறதுக்கு இதவிட உண்மையான காரணம் என்கிட்ட வேற இல்ல, அதையே எழுதினேன்.

மாசம் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருந்தா டிசம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள கேளுங்க. அது அங்க வறண்ட காலம், கொசு கம்மி, ஆனா முக்கிய காரணம் அது இல்ல. தண்ணி வத்த வத்த முதலைங்க (அலிகேட்டர்) தோண்டி வெச்ச பள்ளங்கள்லதான் தண்ணி நிக்கும், மீனெல்லாம் அங்க ஒதுங்கும், மீனுக்காக பறவைங்க மொத்தமா அங்கயே வந்து எறங்கும். மழைக்காலத்துல போனா அதே பறவைங்க கண்ணுக்கு எட்டாத புல்வெளில எங்கெங்கயோ செதறிக் கெடக்கும்.

முதல் வாரம் எனக்கு வீணாப் போச்சு. அன்ஹிங்கா ட்ரெயில்னு ஒரு மரப்பாலம் இருக்கு, அங்க போய் போன்ல போட்டோ எடுத்துட்டு ரூமுக்கு வந்து வரைவேன், எல்லாமே செத்த பறவை மாதிரி இருக்கும். அதுல பெரிய தப்பு வேற, ஒரு படத்துல அலகோட நுனிய கொக்கி மாதிரி வளைச்சுட்டேன். பாலத்துல பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா பாத்துட்டு "இது நீர்க்காகத்தோட அலகு கண்ணு"ங்கிற மாதிரி பொறுமையா சொன்னாங்க. நீர்க்காகமும் அங்கதான் இருக்கும், அதுவும் றெக்கைய விரிச்சுக் காய வெக்கும், ஆனா அன்ஹிங்காவோட அலகு நேரா ஈட்டி மாதிரி இருக்கும். அன்னிக்கே போன பையில போட்டுட்டேன். அடுத்த மூணு நாளும் ஒரே பெஞ்ச், ஒரே மரக்கிளை, ஒரு பறவைக்கு முப்பது செகண்ட்னு கெஸ்சர் ட்ராயிங் (அசைவ மட்டும் வேகமா கோட்டுல புடிக்கிறது) மட்டும்.

எட்டாவது நாள் காலைல ஒரு அன்ஹிங்கா தண்ணிக்குள்ள முங்கி உள்ளங்கை அகலத்துல ஒரு சன்ஃபிஷ்ஷோட வந்துச்சு, அலகு மீனோட விலாவுல குத்தி அந்தப் பக்கம் வெளிய தெரிஞ்சுது. கிளைல ஏறி மீன ரெண்டு மூணு தடவ கட்டைல அடிச்சு, மேல தூக்கிப் போட்டு, தலை முதல்ல உள்ள போற மாதிரி புடிச்சு முழுங்குச்சு. அந்த ஒல்லிக் கழுத்துல மீன் மெதுவா எறங்கறத நான் அப்படியே கோடு கோடா போட்டேன். கழுத்து நடுவுல ஒரு மடிப்பு இருக்குல்ல, எட்டாவது எலும்புகிட்ட, ஈட்டி மாதிரி குத்துறதுக்கு அதுதான் விசை, அது புரிஞ்சதுக்கு அப்புறம்தான் என் கோட்டுல உயிர் வந்துச்சு.

அப்புறம் இன்னொன்னு, இது எங்கயும் சொல்லித்தரல. றெக்கை நனைஞ்சு ஊறிப் போறதால அது காய வெக்க உக்காரும்போது முதுக வெயிலுக்குக் காட்டித்தான் உக்காரும். வெயில் எந்தப் பக்கம்னு பாத்தாலே அது எப்படி நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சுடும், நீங்க உக்கார்ற எடத்த முன்னாடியே முடிவு பண்ணிக்கலாம். ஆண் பறவையோட கருப்புக்கு ட்யூப்ல வர்ற கருப்பு போடாதீங்க, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தா அந்த ஆழம் கிடைக்கும், றெக்கைல இருக்கிற வெள்ளிக் கீத்துக்கு பேப்பரோட வெள்ளையவே விட்டுடுங்க. விடிகாலைல பனி ஈரத்துல வாஷ் (தண்ணியா பூசுற கலர்) காயவே காயாது, அதனால காலைல பென்சிலும் இங்க்கும், வாட்டர்கலர் பத்து மணிக்கு மேல.

கீழ கெடக்கிற எறகுகூட எடுக்கக் கூடாது, 1918ல வந்த அமெரிக்கப் பறவைகள் சட்டப்படி அது குத்தம். ஸ்டில் லைஃபுக்கு (பொருள முன்னாடி வெச்சு வரையறதுக்கு) ஒன்னே ஒன்னுன்னு கை நீளும், வேணாம். ஒரு காலத்துல தொப்பில சொருக எறகு வேணும்னு இங்க கொக்குங்கள கூட்டம் கூட்டமா சுட்டுத் தள்ளினாங்க, அத தடுக்கப் போன கை பிராட்லிங்கிற (Guy Bradley) காவலர 1905ல ஃப்ளமிங்கோங்கிற ஊர் பக்கத்துல சுட்டே கொன்னுட்டாங்க. 1830கள்ல ஃப்ளோரிடா வந்த பேர்பெற்ற பறவை ஓவியர் ஆடுபான்கூட பறவைய சுட்டு, கம்பி கட்டி நிக்க வெச்சுத்தான் வரைஞ்சாரு. நமக்கு உயிரோட முன்னாடி உக்காந்திருக்கு, அதோட பொறுமைய சோதிக்காம தள்ளி நின்னு வரைங்க. வரையற நீங்க இருக்கிறதால அது தலைய உயர்த்தி உங்களையே பாக்குதுன்னா ரெண்டு அடி பின்னாடி போயிடுங்க.

பல ரெசிடென்சில பொதுமக்கள்கிட்ட ஒரு தடவ பேசச் சொல்வாங்க. நான் முடிச்ச பெயிண்டிங்கோட அந்தக் கொக்கி அலகு பக்கத்தையும் எடுத்துட்டுப் போனேன், அதிகமா கேள்வி வந்தது அந்தப் பக்கத்துக்குத்தான், கூச்சம் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சு.

அப்ளை பண்ண இன்னும் நாள் இருக்குன்னா ஜனவரில வேடந்தாங்கலுக்கு மூணு நாள் விடிகாலைல போங்க, பைனாகுலர் எடுத்துக்கங்க, பாம்புத்தாரா உக்காந்திருக்கிற ஒரே மரத்த பாத்து ஐம்பது பக்கம் போடுங்க. எனக்கு எடம் கிடைச்ச போர்ட்ஃபோலியோல முதல் ஆறு பக்கம் அங்க போட்டதுதான்.