பெயரடைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களுக்கு மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு, வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே தெரியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பையர்களுக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, போகும் மின்னஞ்சல்களைப் படித்துத் திருத்தி அனுப்புவது என் வேலையில் பாதி. வினைச்சொல், காலம் எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதுகிறார்கள். சறுக்குவது பெயரடைக்கு (அட்ஜெக்டிவ்) அடுத்து வரும் ஆஃப், டு, வித், இன் போன்ற சின்னச் சொற்களில்தான்.

காரணம் எளிது. நமக்கு வேற்றுமை உருபு தானாக வந்து விழுகிறது. 'என்மேல் கோபம்' என்று மனம் சொல்கிறது, கை 'ஆங்க்ரி ஆன் மீ' என்று தட்டச்சு செய்கிறது. ஆங்கிலத்தில் அது 'வித் மீ'. 'என்னைவிட சீனியர்' என்பது 'சீனியர் தேன் மீ' ஆகிவிடுகிறது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. 'இன்னும் மூத்த', 'இன்னும் இளைய' என்ற ஒப்பீடு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'தேன்' வேண்டாம், 'டு' போதும். அதே பிள்ளைகள் 'இன்ட்ரஸ்டட் இன்' என்பதை மட்டும் பிசகாமல் எழுதுவார்கள். 'அதில் ஆர்வம்' என்று தமிழும் அதே இடத்தில் 'இல்' போடுகிறதே! பள்ளியில் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

போன மாதம் சாயம் பற்றிய ஒரு பதிலை எழுதிக்கொண்டிருந்த பையன் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, துவைத்தால் சாயம் போகாது என்பதற்கு 'ஃபாஸ்ட் இன் வாஷிங்' சரிதானே?"

"அப்படி எழுதினால், துவைப்பதில் வேகமான துணி என்று படிப்பார்கள் தம்பி. சட்டையே எழுந்து துவைக்கப் போகிறதா?"

சாயம் போகாமல் பிடித்து நிற்பதற்கும் ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றுதான் பெயர்; பின்னால் வரும் சொல்தான் தவறு. டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நாள்தோறும் கையில் புழங்கும் தாள்தான். வாசகத்தை யார் கவனிக்கிறார்கள்? 'கலர் ஃபாஸ்ட்னெஸ் டு வாஷிங்', 'டு ரப்பிங்', 'டு லைட்', 'டு பெர்ஸ்பிரேஷன்' என்று வரிசையாக 'டு'. துணியின் சாயம் எவ்வளவு நிற்கிறது என்று சோதிப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 105இன் தலைப்புகளும் இந்த 'டு' போட்டே இருக்கின்றன. உரசலுக்கு எக்ஸ்12, வியர்வைக்கு ஈ04, வெளிச்சத்துக்கு பி02. துணியின் மீது ஒன்று வந்து மோதுகிறது, துணி அதை எதிர்கொள்கிறது. மோத வருவதைச் சுட்டுவது 'டு'. ரெசிஸ்டன்ட், சென்சிட்டிவ், அலர்ஜிக், இம்யூன் ஆகியவற்றுக்கும் 'டு'தான். இதைச் சொன்னதும் பையனே 'வல்னரபிள்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து அதற்கும் 'டு' என்றான். எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

எல்லாம் இப்படிக் குடும்பமாகச் சிக்குவதில்லை. 'ஷார்ட்' என்ற ஒரே பெயரடையைப் பாருங்கள். பொத்தானும் லேபிளும் தட்டுப்பாடு என்றால் 'ஷார்ட் ஆஃப்'. அனுப்பிய சரக்கில் நாற்பது உருப்படி குறைகிறது என்றால் 'ஷார்ட் பை'. ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டால், பெட்டியை எண்ணச் சொல்லி அங்கே ஒருவர் கிடங்குக்கு ஓடுவார். 'ஃப்ரீ' இன்னும் வம்பு. பணம் வாங்காமல் கொடுக்கும் சாம்பிளுக்கு 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' மட்டும்தான். குறையில்லாத துணிக்கு 'ஃப்ரீ ஃப்ரம் டிஃபெக்ட்ஸ்' என்றும் எழுதலாம், 'ஆஃப்' போட்டும் எழுதலாம்.

இதற்கெல்லாம் நான் நம்புவது, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதியை. பெயரடைக்குப் பக்கத்திலேயே அதற்குரிய சின்னச் சொல்லையும் அது தடித்த எழுத்தில் காட்டிவிடும். இந்த வகை அகராதியின் பிறப்பும் சுவையானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவர் நண்பர்களும் தொகுத்தது 1942ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் வெளியிட்டது. ஜப்பானிய மொழியிலும் உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும். அங்கேயும் நம் பிள்ளைகளைப் போலவே திண்டாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆங்கிலேயர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லாத இடமும் உண்டு. அப்ரூவ் ஆன சாம்பிளிலிருந்து நிறம் மாறியிருந்தால் லண்டன் பையர் 'டிஃபரன்ட் டு' என்று எழுதுகிறார், நியூயார்க்கிலிருந்து 'டிஃபரன்ட் தேன்' என்று வருகிறது. 'ஃப்ரம்' மட்டுமே சரி என்று அடம்பிடிப்பது மூடநம்பிக்கை என்று ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய கையேடு எழுதிய ஃபவுலர் 1926லேயே சொல்லிவிட்டார். நான் இருவருக்கும் 'ஃப்ரம்' போட்டே பதில் எழுதுகிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை. நிறம் மாறியதற்குத்தான் சுளிக்கிறார்கள்.

நான் உண்மையிலேயே நின்று படிப்பது 'டிஸப்பாயின்டட்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைத்தான். 'வித் த ஃபினிஷ்' என்று இருந்தால் புகார் துணியைப் பற்றியது; புதிய சாம்பிளும் ஒரு விளக்கமும் அனுப்பினால் சமாளித்துவிடலாம். 'இன் யுவர் டீம்' என்று இருந்தால் புகார் நம்மைப் பற்றியது. மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்த பிள்ளையை அப்போது நிறுத்திவிடுவேன். முதலில் தொலைபேசியை எடுக்க வேண்டும், எடுப்பது மேலாளராக இருக்க வேண்டும்.