பனியன் கம்பெனி நாட்குறிப்பு: தீபாவளிக்கு அப்புறம் மூணு வாரம்

அக்டோபர் 23, 2025, வியாழன்

தீபாவளி திங்கக்கிழமையே முடிஞ்சுருச்சு, ஆனா டைலருங்க யாரும் ஊர்ல இருந்து இன்னும் திரும்பல, தேனி மதுரை பக்கம் போனவங்க, ஒடிசா போன பசங்க எல்லாரும் அடுத்த வாரம் தான் வருவாங்க. ஆபீஸ் ஆளுங்க மட்டும் இன்னைக்கு வந்தோம். இந்த கம்பெனில ஏழு வருஷமா மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கப்பல் ஏத்துற வரைக்கும் பாத்துக்குற ஆளா இருக்கேன், ஓவர்லாக் தையல் மிஷின் சத்தம் இல்லாத திருப்பூரை இப்பதான் கேக்குறேன்.

ஒன்பது மணில இருந்து பதினொன்னு வரைக்கும் ஒரு போன் வரல. அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு ஆர்டருக்கு வேண்டிய ட்ரிம்ஸ் கணக்கு மொத்தமும் போட்டு முடிச்சுட்டேன், மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், ஹேங்டேக், பாலிபேக், கார்ட்டன் பெட்டி வரைக்கும். வழக்கமா இது எனக்கு ரெண்டு நாள் இழுக்கும். முடிச்சுட்டு பேனாவை கீழ வச்சப்ப ஒரு நிறைவு வந்துச்சு பாருங்க, இது எத்தனை நாள் கழிச்சுன்னு யோசிச்சு பாத்தேன், ஞாபகமே வரல.

ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா போற சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு ஆனதுல இருந்து ஊர்ல எங்க நின்னாலும் அதே பேச்சுதான், அமெரிக்கா ஆர்டரை நம்பி இருந்த கம்பெனிங்க பாடு திண்டாட்டம். எங்களுக்கு சரக்கு வாங்குற பையர் ஜெர்மனி, அதனால ஆர்டர் கையில இருக்கு. கையில வேலை இருந்தும் காலைல எந்திரிக்கிறப்பவே "ஐயோ கம்பெனிக்கு போகணுமே"ன்னு ஒரு பாரம் வருதுன்னா அதை சரி பண்ணியே ஆகணும். அதுக்குத்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்னைக்கு ஒரு நோட்டு எடுத்து அரை மணிக்கு ஒரு தடவை என்ன பண்ணுனேன்னு எழுதிட்டே வந்தேன். எங்க தொழில்ல ஒவ்வொரு ஆர்டருக்கும் டிஎன்ஏன்னு ஒரு ஷீட் உண்டு, டைம் அண்ட் ஆக்‌ஷன். கப்பல் தேதியை கடைசில வச்சுட்டு அங்க இருந்து பின்னாடியே எண்ணிட்டு வரணும், இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், தையல், கட்டிங், துணி வர்ற தேதி, சாயம், நிட்டிங், நூல், லேப் டிப் (கலர் பாக்க சாயம் ஏத்துன துண்டு துணி) அப்ரூவல்னு. ஆறாயிரம் டி-சர்ட்டுக்கு இவ்வளவு துல்லியமா நாள் போடுற எனக்கு என்னோட ஒரு நாளைக்கு அப்படி ஒரு ஷீட் கிடையாது.

சாயங்காலம் நோட்டை புரட்டி பாத்தா எனக்கே கஷ்டமா போச்சு. ஆபீஸ்ல பாதிப்பேர் லீவு, அப்படியும் 41 போன், அதுல 26 போன் ஒரே கேள்வி, "அது எப்ப வருதுங்க?". லேபிள் எப்ப வரும், துணி எப்ப வரும், அப்ரூவல் எப்ப வரும். பதில் எல்லாம் என் கம்ப்யூட்டர்ல தான் இருக்கு, ஆனா அது எனக்கு மட்டும் தெரியற மாதிரி வச்சுருக்கேன், அதனால ஒவ்வொருத்தரும் என்னை கேட்டுத்தான் ஆகணும். அவங்க என் நேரத்தை எடுக்குறாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அப்பாவை பாக்க போயிருந்தேன். அப்பா சாயப்பட்டறைல இருந்தவரு. 2011 ஜனவரில நொய்யல்ல சாயத்தண்ணி கலக்குதுன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டு பட்டறை எல்லாத்தையும் மூடுனப்ப நான் பிளஸ் டூ படிச்சுட்டு இருந்தேன். ஆறு செத்துட்டு இருந்தது உண்மை, அந்த உத்தரவு தப்புன்னு அப்பாவே இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. ஆனா அந்த மாசங்கள்ல அவரு திண்ணைல உக்காந்திருந்ததை என்னால மறக்க முடியாது. நான் நேரம் பத்தலன்னு சொல்லிட்டு இருந்தேன், அவரு கேட்டுட்டு "நேரம் நெறைய இருந்து நான் பாத்துட்டேன் கண்ணு, மத்தியானம் பன்னெண்டுல இருந்து சாயங்காலம் ஆறு மணி ஆகறது எவ்வளவு தூரம்னு எனக்கு தெரியும்"னாரு. அதுக்கு மேல நான் எதுவும் பேசல.

இன்னைக்கு அதிகாலைல ஜெர்மனில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுட்டாங்க, வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு பண்ணுவாங்க. இதுவரைக்கும் மூணரை மணி நேர வித்தியாசம், இனி மார்ச் கடைசி வரைக்கும் நாலரை. அவங்க ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல உக்காந்தா நமக்கு மத்தியானம் ஒன்னரை. அப்படின்னா காலைல இருந்து மத்தியானம் ஒன்னரை மணி வரைக்கும் பையர் தூங்குறாரு இல்ல பல் வெளக்குறாரு, நான் எதுக்கு எட்டரைல இருந்து மெயிலை திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்?

அக்டோபர் 27, திங்கள்

முடிவு பண்ணுன மாதிரியே செஞ்சேன். மெயில் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை, அஞ்சு மணிக்கு ஒரு தடவை. காலைல போனை சைலன்ட்ல போட்டுட்டு கீழ கட்டிங்குக்கு போயிட்டேன்.

சாயம் ஏத்தி காம்பேக்டிங் (பின்னாடி சுருங்காம இருக்க துணியை அழுத்தி விடுறது) முடிஞ்சு துணி வந்திருந்துச்சு, டி-சர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம் கேட்டது, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம். ரவுண்ட் கட்டரை வச்சு நானே வெட்டுனேன். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் அது, வெட்டி தராசுல வச்சு வர்ற கிராமை நூறால பெருக்குனா ஜிஎஸ்எம். 1.61, 1.62, 1.59. சேர்ந்த புதுசுல தினமும் செஞ்ச வேலை, அப்புறம் ரிப்போர்ட்டை மட்டும் பாக்குற ஆளாயிட்டேன். துணி கையில படுறப்ப அந்த மெதுமெதுப்பு, கூடவே அந்த வாசம், இதுக்காகத்தான் இந்த தொழிலுக்கு வந்தேன்.

கட்டிங் மாஸ்டர் அண்ணா ரோலை எல்லாம் பிரிச்சு மடிப்பு மடிப்பா போட்டு வச்சிருந்தாரு. "இன்னைக்கே வெட்டிரலாம்ங்களாணா, ரெண்டு நாள் லேட்டா இருக்கோம்"னு கேட்டேன். "இல்லீங்க அம்மிணி, நாளைக்குதான். ரோல்ல இழுத்து சுத்துன துணி, ஒரு நாள் காத்தாட கிடந்தாதான் பழைய நிலைக்கு வரும். இப்ப வெட்டுனா மேஜை மேல அளவு சரியா இருக்கும், போடறவங்க ஒரு தண்ணி அலசுனதும் நீளத்துல ஒரு இன்ச் போயிரும், அப்ப யாரை கேப்பீங்க?"ன்னாரு.

எனக்கு தெரியாத விஷயம் இல்ல, ஆனா மேல டேபிள்ல உக்காந்திருந்தா நான் போன் பண்ணி "இன்னைக்கே வெட்டுங்க"ன்னு தான் சொல்லிருப்பேன், நிச்சயமா சொல்லிருப்பேன்.

அக்டோபர் 29, புதன்

பத்தரைக்கு முதலாளி கூப்புட்டாரு. "என்ன மேடம், போன் எடுக்க மாட்டேங்கறீங்களாமா?". நோட்டை எடுத்துட்டு போய் காமிச்சேன், 26 போன் ஒரே கேள்விங்கறதை காமிச்சேன். ஸ்டேட்டஸ் எல்லாம் ஒரே ஷீட்ல போட்டு காலைல பதினொன்னுக்கும் சாயங்காலம் நாலுக்கும், அதாவது ரெண்டு டீ டைமுக்கும், குரூப்ல போட்டுர்றேன், அதுல இல்லாதது மட்டும் என்னை கேக்கட்டும்ங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பாத்தாரு. "ஒரு வாரம் பாப்போம், ஆனா ஏதாவது நின்னுச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்"னாரு. நியாயம் தான்.

அக்டோபர் 31, வெள்ளி

நின்னுருச்சு.

அடுத்த ஆர்டர் நேவி ப்ளூவுக்கு சாயப்பட்டறைல இருந்து காலைல ஒன்பதே காலுக்கு மாஸ்டர் மூணு தடவை கூப்புட்டிருக்காரு, முதல் லாட் ஷேடு அப்ரூவ்டு துணியை விட ஒரு பொட்டு சிவப்படிக்குது, இப்படியே விடலாமா திருத்தலாமான்னு கேக்க. என் போன் சைலன்ட்ல கிடந்துச்சு, பாத்தப்ப பத்தே முக்கால். அதுக்குள்ள மிஷினை அடுத்த கம்பெனி லாட்டுக்கு குடுத்துட்டாங்க, அவங்க மேல எந்த தப்பும் இல்ல, மிஷினை சும்மா நிறுத்தி வைக்க முடியாது. நமக்கு ஒரு நாள் போச்சு. முதலாளி கிட்ட நானே போய் சொன்னேன், திட்டுனாரு, வாங்கிக்கிட்டேன்.

ராத்திரி பூரா யோசிச்சேன். பழையபடி எல்லா போனையும் எடுக்குறதுக்கு திரும்ப மாட்டேன். "எப்ப வரும்"னு கேக்குற போன் வேற, "இப்ப என்ன பண்ணட்டும்"னு கேக்குற போன் வேற. முதல் வகை காத்திருக்கலாம். ரெண்டாவது வகைல ஒரு மிஷினோ ஒரு மனுஷனோ கையை கட்டிட்டு நிக்குறாங்க. சாய மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், பையனோட ஸ்கூல், இந்த நாலு நம்பர் மட்டும் சைலன்ட்லயும் ரிங் அடிக்குற மாதிரி வச்சுட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

லைன் ஓட ஆரம்பிச்சுருச்சு. முக்காவாசி பேர் வந்துட்டாங்க, சத்தம் திரும்பி வந்துருச்சு, நல்லா இருக்கு.

இன்னைக்கு நடந்ததை விரிவா எழுதணும். பையர் கிட்ட இருந்து நேத்து சாயங்காலம் ஒரு சின்ன கமெண்ட், கழுத்து ரிப் ஊசி இடைவெளி பத்தி. பழைய பழக்கத்துல "நாளைக்கு சாயங்காலம் சொல்லிக்கலாம்"னு தள்ளி வச்சிருப்பேன். இன்னைக்கு காலைல எட்டரைக்கு லைன் ஆரம்பிக்கும்போதே போய் சொல்லிட்டேன். பேட்லாக் தையல் மிஷின் ஓட்டுற அக்கா ஒருத்தங்க உடனே சொன்னாங்க, "நல்ல வேளைங்க மேடம், போன தடவை இதே மாதிரி ஒன்னை அஞ்சு மணிக்கு வந்து சொன்னீங்க, நானூறு பீஸ் பிரிச்சோம், வீட்டுக்கு போறப்ப பத்து மணி, புள்ளை சாப்பிடாமயே தூங்கிருச்சு".

கோவமா சொல்லல அவங்க, சும்மா பேச்சோட பேச்சா சொன்னாங்க, அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. எனக்கு அந்த நாள் ஞாபகம் கூட இல்ல. நான் ஒரு மெயிலை ஆறு மணி நேரம் தள்ளி வச்சது இவங்களுக்கு ஒரு ராத்திரி. டைம் மேனேஜ்மென்ட்டுன்னா என் நேரத்தை மிச்சம் பிடிக்குறதுன்னு தான் இந்த நோட்டையே ஆரம்பிச்சேன், ஆனா இந்த கம்பெனில நேரம் மேல இருந்து கீழ தண்ணி மாதிரி இறங்குது, நான் அடைச்சு வச்சா கடைசி மடைல இருக்குறவங்களுக்கு தான் இருட்டுல வருது.

சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருந்தப்ப இன்னொரு அக்கா சொன்னாங்க, "அப்படின்னு ஒரேடியா ஒன்னரை ஷிப்ட்டை நிறுத்திராதீங்க கண்ணு, அந்த அரை ஷிப்ட் காசுலதான் என் பொண்ணு காலேஜ் பீஸ் கட்டறேன்". அஞ்சரைக்கு அப்புறமும் உக்காந்து தைக்குறதுதான் அந்த அரை ஷிப்ட். அதுவும் உண்மைதான். "முன்னாடியே தெரிஞ்சா ஒன்னும் இல்ல, வீட்டுல சொல்லிட்டு வருவோம், அஞ்சரைக்கு பை எடுக்கறப்ப சொல்றதுதான் கஷ்டம்"னாங்க.

நவம்பர் 8, சனி

இந்த வாரம் அரை ஷிப்ட் எந்தெந்த நாள்னு திங்கக்கிழமையே போர்டுல எழுத சொல்லி சூப்பர்வைசர் அண்ணா கிட்ட கேட்டிருந்தேன், செவ்வாய், வியாழன்னு போட்டாரு, அதே மாதிரி நடந்துச்சு. போன் கணக்கு இன்னைக்கு 17.

நவம்பர் 14, வெள்ளி

இன்ஸ்பெக்‌ஷன். 6,000 பீஸ் லாட்டுக்கு 200 பீஸ் எடுத்து பாப்பாங்க, எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவுதான் ஏக்யூஎல், அது 2.5ன்னா பத்து பீஸ் வரைக்கும் குறை இருந்தா பாஸ், பதினொன்னு ஆனா மொத்த லாட்டும் திரும்ப செக்கிங். அந்த 200 பீஸை மேஜைல அடுக்குறப்ப ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலக்கும். இந்த தடவை மூணு. ரெண்டு பிசிறு நிறைய விட்டது, ஒன்னு எண்ணெய் கறை. நீளம் எல்லா சைஸ்லயும் அளவுக்குள்ள.

ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்குன உடனே முதலாளி கிட்ட போறதுக்கு முன்னாடி கட்டிங் மாஸ்டர் அண்ணா கிட்ட போய் காமிச்சேன். கண்ணாடியை மேல ஏத்திட்டு நீளம் எழுதுன கட்டத்தை மட்டும் விரல் வச்சு ஒன்னொன்னா பாத்தாரு. "நல்லாருக்குதுங்க அம்மிணி"ன்னு சொல்லிட்டு கத்திரியை எடுத்துட்டாரு. இந்த வருஷத்துல எனக்கு கிடைச்ச பெரிய சந்தோஷம் இதுதான்.

நவம்பர் 15, சனி

பெட்டி எல்லாம் தூத்துக்குடிக்கு கிளம்பிருச்சு. சம்பள நாள், கீழ கவர் வாங்குற வரிசை, ஒரே பேச்சும் சிரிப்பும்.

அடுத்த ஆர்டர் வந்திருக்கு, 9,000 பீஸ். டிஎன்ஏ ஷீட்டை போட உக்காந்தேன். வேலை, தேதி, பொறுப்பு, இந்த மூணு தலைப்பு தான் எப்பவும் இருக்கும். நாலாவதா ஒன்னு சேத்தேன்: இந்த தேதி தவறுனா யாரு ராத்திரி உக்காரணும். லேப் டிப் அப்ரூவல் தவறுனா சாயப்பட்டறை நைட் ஷிப்ட். சைஸ் செட் (ஒவ்வொரு சைஸ்லயும் தைச்ச சாம்பிள்) கமெண்ட் தவறுனா சாம்பிள் டைலர். லேபிள் லேட்டானா பேக்கிங் அக்காங்க. பதினாலு வரி வந்துச்சு, பொறுப்புங்கற தலைப்புக்கு கீழ என் பேரு ஒன்பது இடத்துல இருந்துச்சு, நாலாவது தலைப்புக்கு கீழ ஒரே ஒரு இடத்துல.

பிரிண்ட் எடுத்து டேபிள் கண்ணாடிக்கு கீழ வச்சுட்டு அஞ்சே முக்காலுக்கு கிளம்பிட்டேன். பேட்லாக் அக்காவும் அதே பஸ், பையனுக்கு முறுக்கு வாங்கணும்னு அவங்க புஷ்பா தியேட்டர் ஸ்டாப்லயே இறங்கிட்டாங்க.