குளக்கரைக் குறிப்பு: மாசி, பங்குனி

பிப்ரவரி 16

காலை ஆறரைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் கரையில் நின்றேன். இரவெல்லாம் வயலில் மேய்ந்த பட்டைத்தலை வாத்துகள் அப்போதுதான் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் ஒரு கணக்கு வந்தது. 72 என்று எழுதிக்கொண்டேன். ஒன்று கரைக்கு வெகு பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைத் தலையின் பின்பக்கம் மை தொட்டு இழுத்த மாதிரி இரண்டு கறுப்புக் கோடுகள். குளிர்ந்த வெயிலில் கண்ணை மூடி மூடித் திறந்தது.

ஊருக்குள் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. வீட்டு வாசல் மரம் வரை அவை பயமில்லாமல் வருவதைப் பார்க்க மனசு நிறைகிறது.

பிப்ரவரி 27

வீட்டுப் பின்னால் கல்யாண முருங்கை பூத்துவிட்டது. பூ முழுக்க சூறைக்குருவி. தேன் குடித்துவிட்டு நிமிரும்போது நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கிறது.

மழைக்காலத்தில் பார்த்தபோது அழுக்கேறிய துணி போலிருந்த முதுகு, இப்போது நல்ல ரோஜா நிறம். இதற்காகப் புது இறகு முளைப்பதில்லை. பழைய இறகின் மங்கிய ஓரம் தேய்ந்து உதிர, அடியில் இருந்த நிறம் மேலே தெரிகிறது. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிக்குப் போய் ஜோடி சேர்வதற்கான உடுப்பு. அது இங்கேயே, என் கண்ணெதிரே தயாராகிறது.

மார்ச் 9

வாத்து 31. தண்ணீர் இறங்கி, ஓரத்தில் சேறு தெரிகிறது.

மார்ச் 18

வாத்து ஒன்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றினேன்.

இனி இமயமலையைத் தாண்ட வேண்டும், திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும். கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரேயடியாக மேலே ஏறிப் போய்விடுவதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகின்றன. மேலே காற்று லேசாகிவிடும், அங்கே சிறகடிக்க அதிகத் தெம்பு வேண்டும். இறங்கி மறுபடி ஏறுவதே அவற்றுக்கு லாபம்.

கரையில் ஆடு மேய்க்கிற ஆச்சி கேட்டாள்: “என்னய்யா, வெறுங்குளத்தப் பாத்துக்கிட்டு நிக்க?”

“வாத்தெல்லாம் போயிட்டு ஆச்சி.”

“போவட்டும்யா. அதுக ஊர்லயும் முட்டையிடணும்லா.”

மார்ச் 30

நாரைக் குஞ்சுகள் கூட்டு விளிம்பில் நின்று சிறகை விரித்துப் பார்க்கின்றன. சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று மட்டும் சாயங்காலம் கருவேல மரங்களுக்கு மேலே சுற்றியது. கல்யாண முருங்கையில் பூ முடிந்துவிட்டது. நாளைக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.