செல்லியின் கட்டியும் பேத்திக்காக எடுத்த முடிவும்

சென்ற ஐப்பசியில் செல்லியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, கடைசிக் காம்பின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஏதோ விரலில் நெருடியது. அவள் ஒன்பது வயதான காக்கர் ஸ்பேனியல், கருத்தடை செய்யாதவள். மதுரையில் முதலில் காட்டிய இடத்தில், பால் கட்டியிருக்கிறது, கரைந்துவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. குட்டி போட்டு ஆறு ஆண்டுகளான நாய்க்குப் பால் எப்படிக் கட்டும் என்று அன்றே கேட்காமல் வந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அடுத்துப் பார்த்த மருத்துவர், இருபுறமும் ஐந்தைந்தாக உள்ள பால் சுரப்பிகளை ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தார். நுரையீரலுக்குப் பரவவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகே அறுவைக்கு நாள் குறித்தார். சதை கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் மிதந்த கட்டித் துண்டை நானே பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும் என்று கேட்டிருந்ததால், முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புற்றுதான், ஆனால் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவு, வெட்டிய ஓரங்களிலும் நிணநீர்க் கணுவிலும் புற்றணு இல்லை.

செல்லியின் தாய்க்கும் இதே நோய் இருந்ததைச் சொன்னபோதுதான் பேச்சு மரபணுவுக்குத் திரும்பியது. பெண்களுக்கு மார்பகப் புற்றின் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்கள் நாய்களுக்கும் உண்டு. ஸ்வீடனில் இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் நாய்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, இந்த மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளுக்கும் பால் சுரப்பிக் கட்டிகளுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. ஆயினும் வழிவழியாக வருவது நோயன்று, நோய்க்கான சாய்வுதான் என்றும், ஒவ்வொரு பருவத்திலும், அதாவது பெண் நாய் இணைசேரத் தயாராகும் காலத்திலும், சுரக்கும் ஹார்மோன்கள் அந்தச் சாய்வைத் தூண்டுகின்றன என்றும் மருத்துவர் விளக்கினார். மரபணுவை மாற்ற முடியாது, கருத்தடை செய்து ஹார்மோனை நிறுத்தலாம். அமெரிக்காவில் 1969-இல் வெளியான ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த நாய்க்கு அபாயம், கருத்தடை செய்யாத நாயின் அபாயத்தில் 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கடந்தால் 8, இரண்டு கடந்தால் 26.

திருமங்கலத்தில் அக்கா வீட்டில் செல்லியின் மகளும், அவள் ஈன்ற ஐந்து மாதப் பெண் குட்டியும் இருக்கின்றன. மகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டதால், இனிக் குட்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அக்கா மாதந்தோறும் அவளைக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் பத்துச் சுரப்பிகளையும் விரலால் உருட்டிப் பார்க்கிறாள். குட்டிக்குப் பருவம் வருமுன்னே தை மாதத்தில் கருத்தடை செய்து, நேற்றுத்தான் தையல் பிரித்தோம்.