அப்பாவின் சிப்பில் 2,846 பாட்டுகள்

சென்ற தை மாதம் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஓர் இழவு வீட்டுக்கு அப்பா போயிருந்தார். பிரேதத்தை எடுக்கும் நேரத்தில் சட்டைப்பையில் இருந்த கைபேசிக்கு அழைப்பு வந்தது. அதைத் துண்டிக்கப் போனவர் குளிரில் விறைத்த விரலால் வேறெதையோ அழுத்திவிட, ஒரு மணிநேரம் ஓடக்கூடிய நொன்ஸ்டொப் பைலா, இங்கே கொண்டாட்டங்களில் ஆடப் போடும் துள்ளல் சிங்களப் பாட்டு, ஒன்று முழுச் சத்தத்தில் ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் கைபேசியை என் முன்னால் வைத்துவிட்டு, "இந்தக் கருமத்தையெல்லாம் எடுத்துப் போட்டுரும்மா. நான் கேக்குறது முப்பது நாப்பது பாட்டு. மத்ததெல்லாம் எதுக்கு சொமக்கணும்?" என்றார். அரை மணிநேர வேலை என்று நினைத்து வாங்கி வைத்தேன். அது மாசி பிறக்கும் வரை இழுத்தது.

அந்தப் பாட்டுகள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா, இப்போது லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போட்டு, அந்தத் துண்டு நிலத்திலேயே பொழுதைக் கழிக்கிறார். கைபேசி சட்டைப்பையில் பாடிக்கொண்டிருக்கும். சில வருடங்களுக்கு முன் இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் ஒரு கடையில் 32 ஜிபி மெமரி சிப் ஒன்றை வாங்கியபோது, பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று கடைப் பையன் கேட்டிருக்கிறான். "ரெண்டும் போடு தம்பி" என்று அப்பா சொன்னதும், தன் கணினியில் இருந்த போல்டரை அப்படியே இழுத்துச் சிப்பில் போட்டுவிட்டான். நாற்பது பாட்டைத் தேடி எடுப்பதற்கு ஒரு மணிநேரம் தேவை. போல்டரை இழுத்துப் போடுவதற்கு ஒரு விரல் போதும். எண்ணிப் பார்த்தபோது 2,846 இருந்தன.

முதல் நாள் ஒரு பாட்டைக்கூட அழிக்க முடியவில்லை. பாட்டுச் செயலி, அழிக்க இயலவில்லை என்று மட்டும் சொல்லி நின்றது. கைபேசியை இயக்கும் அண்ட்ரொய்ட் மென்பொருளின் 4.4 பதிப்பு 2013 இல் வந்தபோது, வெளிச் சிப்பில் உள்ள கோப்புகளைத் தனிச் செயலிகள் தம் விருப்பத்துக்கு மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி கட்டுப்பாடு போட்டார்கள். அடுத்த வருடம் வந்த 5.0 பதிப்பில், உரிமையாளர் சிப்பின் முதல் போல்டரைத் தானே தொட்டுக் காட்டி அனுமதி கொடுத்தால் அந்தச் செயலி அதில் கைவைக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. அந்த அனுமதியைக் கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே என் அரை மணிநேரம் போய்விட்டது.

அதன் பிறகு, பாடகர் பெயர்ப்படி பட்டியலிட்டு வேண்டாதவர்களை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். பட்டியலைத் திறந்தால், பாடகர் என்ற இடத்தில் பாட்டை இலவசமாக இறக்கித் தரும் இணையத்தளங்களின் பெயர்கள்தான் வரிசையாக நின்றன. ஐயப்பன் பாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் ஒரே "பாடகர்". எம்பி3 கோப்பின் பெயர் விவரங்கள் ஐடி3 என்ற சிறு குறிப்பில் கிடக்கின்றன. அதன் முதல் பதிப்பு கோப்பின் கடைசி 128 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் பாட்டின் தலைப்புக்கு ஒதுக்கியது 30 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள். ஆக, யாராவது பொறுமையாகத் தமிழில் தலைப்பு எழுதி அதற்குள் திணித்திருந்தாலும் பத்தாவது குறியோடு அறுந்துவிடும். பிந்திய பதிப்பில் இந்தக் குறை இல்லை என்றாலும், அதில் ஒழுங்காக எழுதி வைக்க யாருக்கு நேரம் இருந்தது? சில தலைப்புகள் பழைய எழுத்துரு ஏதோ ஒன்றில் தட்டப்பட்டு, திரையில் கேள்விக்குறிகளாகவும் காற்புள்ளிகளாகவும் கிடந்தன. எது பாட்டு, எது பைலா என்று காதால் கேட்டால்தான் தெரியும் என்ற நிலை.

2,846 ஐயும் காதால் கேட்க மனம் வராமல் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். அந்தக் குறுக்கு வழியைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். கோப்புகளை அளவின்படி அடுக்கினால், அடியில் கிடப்பவை பெரும்பாலும் ரிங்டோன்களும், பாதியில் நின்றுபோன இறக்கங்களும், விளம்பரத் துண்டுகளுமாகத்தான் இருக்கும். 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட், தரத்தில் பதிந்த பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் எம்பி பிடிப்பதால், நாலரை நிமிடப் பாட்டு எப்படியும் 4 எம்பியைத் தாண்டும். எனவே 2 எம்பிக்குக் குறைந்தவை அத்தனையும் குப்பை என்று தீர்மானித்து, கேட்டுப் பார்க்காமலே 412 கோப்புகளைத் தெரிவுசெய்து அழித்தேன். திரை அழித்துவிட்டதாகச் சொன்னது. திருப்தியோடு தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாலையில் அப்பா கைபேசியை வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "காமன் கூத்துப் பாட்டு எங்கம்மா?" என்று கேட்டார்.

எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் ஊன்றி, சிவன் காமனை எரித்த கதையைச் சொல்லும் ரதி மதன் ஆட்டம் நடக்கும். சில வருடங்களாக ஆட ஆள் சேர்வதே கஷ்டமாக இருக்கிறது. முன்பு ஒருமுறை, அப்பா தன் பழைய பட்டன் போனைத் தப்புப் பறை அடிப்பவருக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் வைத்து ஐந்தாறு பாடல்களைப் பதிந்திருந்தார். அவற்றைப் பாடிய பெரியவர் இப்போது இல்லை. பேச்சைப் பதிவதற்கென்று வந்த ஏஎம்ஆர் வடிவில்தான் அந்தப் பழைய போன்கள் பதியும். குரல் விளங்கினால் போதும் என்பதற்காக நொடிக்கு 12.2 கிலோபிட்டுக்கு மேல் போகாத சிக்கன வடிவம் அது. அதில் 18 நிமிடக் கூத்துகூட 2 எம்பியைத் தொடாது. அதே நேரம் ஓடும் எம்பி3 பாட்டுக்கு ஏறக்குறைய 17 எம்பி வேண்டும். அந்தச் சிப்பில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு அதுவொன்றுதான். அளவைப் பார்த்து அதைத்தான் முதலில் குப்பையில் போட்டிருக்கிறேன்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவிடம், "இருங்கப்பா, தேடித் தாறேன்" என்று மட்டும் சொன்னேன். அழித்த கோப்பு உடனே அழிந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று சிப்பின் அட்டவணையில் குறித்து வைப்பார்கள், அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும் வரை பழையது உள்ளே கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் கைபேசியில் ஒரு படம்கூட எடுக்காமல் அணைத்து, சிப்பைக் கழற்றி, அடெப்டரில் போட்டு மடிகணினியில் செருகினேன். அழிந்தவற்றை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கும்போதே சிப்பைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. கூத்துப் பதிவுகள், ரிங்டோன்கள், அரைகுறைப் பாட்டுகள், அழித்த 412 உம் போட்டது போட்டபடி கிடந்தன.

சந்தோஷம் பத்து நிமிடம்தான். பிறகு சந்தேகம் வந்தது. ஒரு ரிங்டோனைக் கணினியிலேயே அழித்தேன், போய்விட்டது. சிப்பைக் கழற்றி மறுபடி செருகினேன், திரும்பி வந்திருந்தது. அடெப்டரின் ஓரத்தில் இருக்கும் பூட்டு விசை கீழே இறங்கியிருக்குமோ என்று பார்த்தேன். அது மேலேதான் இருந்தது. முழுச் சிப்பையும் போர்மட் செய்து பார்க்கலாமா என்று ஒரு கணம் கை போனது. கூத்துப் பதிவுகளை இன்னும் வேறிடத்தில் எடுத்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவற்றை முதலில் மடிகணினிக்கும், தம்பியின் கைபேசிக்கும், ஒரு பென்டிரைவுக்கும் பிரதி எடுத்த பிறகே போர்மட் கட்டளை கொடுத்தேன். போர்மட் முடிந்தது என்றது கணினி. கழற்றிச் செருகினால், 2,846.

சிப்புக்குள் இருக்கும் பிளாஷ் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்தையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுத முடியும். பழுதாகும் இடங்களுக்குப் பதிலாகச் சிப் தன்னிடம் கொஞ்சம் உதிரி இடம் வைத்திருக்கும். அதுவும் தீர்ந்தால் சில சிப்புகள் இனி எதையும் எழுதுவதில்லை என்று பூட்டிக்கொள்ளும், வாசிப்பது மட்டும் நடக்கும். நல்ல சிப்பாக இருந்தால் பிழை என்று சொல்லும். அப்பாவினதைப் போன்றவை சொல்வதில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதையும் செய்யாமல் இருக்கும். கைபேசி தன் தற்காலிக நினைவில் அழித்துக் காட்டுகிறது, அணைத்துப் போட்டதும் பழைய கணக்கே நிற்கிறது. சிப் நல்ல நிலையில் இருந்திருந்தால் கூத்துப் பாட்டுகளைத் தேட நான் அந்த மீட்பு மென்பொருளைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் 16 ஜிபியில் புதுச் சிப் ஒன்று வாங்கினேன். அதோடு வேலையும் தலைகீழாயிற்று. வேண்டாதவற்றைத் தேடி அழிப்பதை விட்டுவிட்டு, வேண்டியவற்றை மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் வைப்பது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று இப்போது எவருக்கும் சொல்லலாம். மூன்று மாலைகள் அப்பாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நொடி கேட்டுவிட்டு "வை" அல்லது "வேணாம்" என்பார். வேகமாகத்தான் போனது, பெரும்பாலானவற்றுக்கு முதல் தாளம் விழுந்ததுமே "வேணாம்". முப்பது நாற்பது என்றவர் கடைசியில் 187 வைத்துக்கொண்டார். அதில் ஒரு சிங்களப் பாட்டும் இருந்தது. தொழிற்சாலையில் இரவு வேலையில் கூட நின்றவர் ஒருவர் வாடிய கொழுந்தை அள்ளும்போது அதைத்தான் முணுமுணுப்பாராம்.

புதுச் சிப்பைப் போட்டதும் பட்டியலில் பழைய பெயர்கள் அத்தனையும் மறுபடி நின்றன. இம்முறை நான் பயப்படவில்லை. தொட்டால் எதுவும் பாடவில்லை, வெறும் பெயர்கள். அண்ட்ரொய்ட் கைபேசி, கோப்புகளை ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பதற்குப் பதிலாக, எங்கே என்ன இருக்கிறது என்று தனியே ஒரு பதிவேடு வைத்திருக்கும். பாட்டுச் செயலிகள் அதைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகின்றன. அந்தப் பதிவேடு புதுப்பிக்கப்படாமல் இருந்தால் இல்லாத பாட்டுக்கும் பெயர் நிற்கும். அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, மறைந்திருக்கும் முறைமைச் (சிஸ்டம்) செயலிகளையும் காட்டச் சொல்லி, ஊடகச் சேமிப்பு என்பதன் தரவை அழித்துவிட்டுக் கைபேசியை மீண்டும் இயக்கினால், அது முதலிலிருந்து எண்ணிப் புதுப் பதிவேடு போடும். நாமே அடுக்கி வைத்த பிளேலிஸ்ட் இருந்தால் அதுவும் போய்விடக்கூடும். அப்பாவிடம் அப்படி எதுவும் இல்லை.

இன்னும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. உரக்கடைக்காரரோடு அப்பா பேசிய பேச்சுகள், தானாகப் பதிவானவை, பாட்டுகளுக்கு நடுவே வந்து நின்றன. அழைப்புப் பதிவுகள் இருக்கும் போல்டருக்குள் நோமீடியா என்று, முன்னால் ஒரு புள்ளி வைத்துப் பெயரிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தால், அந்த போல்டரைப் பதிவேடு எடுக்காது. கோப்புகள் அங்கேயே இருக்கும், பாட்டுப் பட்டியலில் மட்டும் வராது. அது உடனே சரியானது.

என் சொந்தக் கைபேசியில் சிப்பே கிடையாது. ஆனாலும் நான் தப்பிவிட்டேன் என்று சொல்ல முடியாது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியில் ஒரு பாட்டை நீக்கினால், இறக்கி வைத்த பிரதி மட்டும் போகிறதா, என் கணக்கின் நூலகத்திலிருந்தே போகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பார்த்துத்தான் அழுத்துகிறேன். 2014 செப்டெம்பர் 9 ஆம் திகதி அப்பிள் நிறுவனம் யூ2 இசைக்குழுவின் புதிய இசைத்தொகுப்பை ஏறக்குறைய 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் இலவசமாகப் போட்டபோது நடந்ததும் இதுதான். வேண்டாதவர்கள் தங்கள் கைபேசியில் அழித்தாலும், வாங்கிய பாட்டுகளின் பட்டியலில் அது நின்றுகொண்டே இருந்தது. முணுமுணுப்பு பெரிதாகி, அதை நீக்குவதற்கென்றே அந்த நிறுவனம் ஒரு வாரத்துக்குள் தனிப் பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. ஹட்டன் கடைப் பையனாவது "ரெண்டும் போடு" என்று அப்பா சொன்ன பிறகுதான் போட்டான்.

அழியாத பழைய சிப்பை எறிய மனமில்லாமல், பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் தன் ஆட்டோவின் செட்டுக்கு என்று கேட்டபோது அப்பா கொடுத்துவிட்டார். வாசிப்பதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. போன கிழமை பள்ளிக்கூடம் முடிந்து அவனுடைய ஆட்டோவில் வந்தேன். இரண்டு குத்துப் பாட்டுக்குப் பிறகு, தேயிலை மலை வளைவில் திரும்பும்போது, திடீரென்று தப்புச் சத்தத்தோடு அந்தப் பெரியவரின் குரல் எழுந்தது. பையன் கையை நீட்டி அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இந்த அஞ்சாறு கூத்துப் பாட்டு இருக்குதே, எத்தன தடவ அழிச்சாலும் திரும்பத் திரும்ப வருது. இத எப்பிடி எடுக்குறது?"